வாட்ச் மேடம் எழுதிய ஒற்றை வரி

அவர் எழுதிய அறிக்கையால் வேலை போனவன் நான். பிறகு அவரிடமே இருபத்தியோரு வருடம் வேலை பார்த்தேன். இதைச் சொன்னால் முதலில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால் அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் காய்கறியோ தானியமோ லாரியில் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். நெடுஞ்சாலையில் எல்லைக்கு எல்லை ஒரு சோதனைச் சாவடி இருந்தது. எங்கள் சாவடி ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். சாலையின் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு தடுப்புக் கட்டை. லாரி வந்து நிற்கும், டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வருவார், நான் சீட்டு எழுதுவேன். மூன்று பிரதி. வெள்ளை டிரைவருக்கு, மஞ்சள் எங்கள் பீரோவுக்கு, பிங்க் தலைமை அலுவலகத்துக்கு. எழுதி முடித்ததும் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்தான் சீல் அண்ணன்.

சீல் அண்ணன் எங்கள் தலைமை எழுத்தர். முத்திரை குத்துவதில் அப்படி ஒரு சுத்தம். மை பரவாது, எழுத்து சாயாது, மூன்று பிரதியிலும் ஒரே இடத்தில் விழும். எங்களுக்கெல்லாம் கை ஓய்ந்துபோகும் மத்தியானத்திலும் அவர் குத்துகிற சத்தம் கடிகாரம் மாதிரிக் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்குப் பதினான்கு. படிப்பை அப்படியே விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். அந்தத் தங்கைதான் நான் சொல்ல வந்தவர்.

தங்கைக்குக் கணிதம் படிக்கத்தான் ஆசை. கல்லூரியில் இடம் கேட்கப் போனபோது கணிதத்தில் இடம் நிரம்பிவிட்டது. சேர்க்கை மேஜையில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "எகனாமிக்ஸ்ல ரெண்டு சீட் இருக்கு, வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். கூடப் போயிருந்த அண்ணன் தங்கையின் காதில், "அது எதைப் பத்தின படிப்பு?" என்றார்.

"காசு, சந்தை, விலை... அந்த மாதிரிண்ணா."

"நம்மகிட்ட இல்லாததைப் பத்திப் படிக்கிறதும் நல்லதுதான். சேர்ந்துடு."

இதை அண்ணன் எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வது போலச் சிரிப்பார். சேர்ந்த படிப்பு தங்கைக்குப் பிடித்துப்போனது. பட்டம், மேற்பட்டம் என்று போய், ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். ஒவ்வொரு படிப்புக்கும் அண்ணன் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தார். தோட்டத்தில் ஒரு விலைக்குக் கிளம்பும் காய், நகரத்துச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் ஏன் மூன்று மடங்காகிறது? அதுதான் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு.

அதற்காகத்தான் ஒருநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் சாவடிக்கு வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஸ்டாப் வாட்ச். அண்ணன் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தார். மூலையில் கிடந்த கால் உடைந்த நாற்காலிக்கு நாங்கள் செங்கல் முட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு லாரியும் எப்போது வந்து நின்றது, கட்டை எப்போது தூக்கப்பட்டது, நடுவில் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே இருந்தார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, இருபத்தாறு நாள். மூன்றாம் நாளே டிரைவர்கள் அவருக்கு 'வாட்ச் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு நாடு முழுக்கப் பெரிய பெரிய கூட்டங்களில் பேசியபோதும் எங்களுக்கு அவர் வாட்ச் மேடம்தான்.

எங்களுக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு உறுத்தியது. நான் டீ குடிக்கப் போனால் அவர் பேனா அசையும். கார்பன் தாளைத் தேடினால் அசையும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "மேடம், நான் தும்மினாலும் எழுதிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"தும்மல்ல லாரி நின்னா எழுதத்தான் வேணும்," என்றார் சிரிக்காமல். பிறகு சிரித்துவிட்டார்.

அப்போது அந்தப் பாதையில் ஒரு டிரைவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டுவதால் எல்லோரும் அவரை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவோம். அவர் ஒருநாள் ஜன்னல் பக்கம் குனிந்து, "மேடம், இங்க உக்காந்து பாத்தா ஒரு சாவடிதான் தெரியும். நாங்க ஏழு தாண்டணும். ஒரு தடவை வண்டியில வந்து பாருங்க," என்றார்.

மேடம் உடனே சரி என்றார். தங்கையைத் தனியாக அனுப்ப மனசு வராமல் அண்ணன் நான்கு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனார். அந்தப் பயணத்தைத் திரும்பி வந்ததும் அண்ணன் எங்களிடம் சொன்னார். அன்று அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

லாரி நிறைய முட்டைக்கோஸ். முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். தன்னுடைய சாவடியில் அண்ணனுக்குத் தொந்தரவில்லை. இரண்டாவது சாவடியிலிருந்து அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஜன்னலுக்கு வெளிப்புறம் நின்றார். நான்காவது சாவடியில் பொழுது சாய்ந்துவிட்டது, மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள். ஐந்தாவதில் மணி பதினொன்றரைதான். உள்ளே இருந்த எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சாப்பிட்டு வந்துடறேன்," என்று எழுந்து போனார். எக்ஸ்பிரஸ், சீல் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்களும் இதே டிபார்ட்மெண்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடுவாங்க," என்று கெஞ்சினார். அண்ணன் வாயைத் திறந்தார். தங்கை முந்திக்கொண்டார்.

"சொல்லாதண்ணா. சொன்னா நாம எழுதினதெல்லாம் பொய்யாயிடும்."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். எழுத்தர் திரும்பி வர இரண்டேகால் மணி நேரம் ஆனது. வெயிலில் லாரியின் நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் முட்டைக்கோஸ் வாடும் வாடை வர ஆரம்பித்தது. நகரத்துச் சந்தையில் இறக்கியபோது மேலிலைகளை உரித்து உரித்துப் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போனது. வண்டி ஓடியது ஒன்பது மணி நேரம். சாவடிகளில் நின்றது பத்தொன்பது.

"அவன் சாப்பிடப் போனானே, நானும் அப்படித்தான்டா போவேன்," என்றார் அண்ணன் என்னிடம். "அதே மாதிரி பேனாவை மூடி வச்சிட்டு. ஒரு தடவைகூட வெளிய நிக்கிறவனைத் திரும்பிப் பாத்ததில்ல."

மேடம் அறிக்கையை எழுதி முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. கொடுப்பதற்கு முன் அதை அண்ணன் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் மூன்று நாள், வேலை முடிந்து போய், விரல் வைத்துப் படித்தார். இரண்டே இரண்டு விஷயம் சொன்னாராம்.

முதலாவது: "பிங்க் காப்பி தலைமை அலுவலகத்துக்குப் போய்ப் புள்ளிவிவரத்துக்கு உதவுதுன்னு எழுதியிருக்க. அது எங்கயும் போறதில்லம்மா. சாக்குல கட்டி மாடிப்படிக்குக் கீழ போட்டு வச்சிருக்கோம். பதினாலு வருஷமா யாரும் கேட்டதில்ல. எலிக்குத்தான் உதவுது."

மேடம் போய்ப் பார்த்தார். அறுபத்திரண்டு மூட்டை. அறிக்கையில் மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த அறுபத்திரண்டு மூட்டைப் பிங்க் காகிதத்தை யாரும் மறக்கவில்லை.

இரண்டாவது: "இது நடந்தா என் வேலை போயிடும், இல்ல?"

"போகும்ணா. வேற துறைகள்ல வேலை குடுக்கணும்னு எழுதியிருக்கேன்."

"பாத்தேன்." அண்ணன் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்க. கொண்டுபோய்க் குடு."

அந்த நேரம் நாட்டில் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்ற பேச்சு. புதிதாக வந்த அமைச்சருக்குக் கையில் ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது. அறிக்கை வெளிவந்த எட்டாவது மாதம் நாற்பத்து மூன்று சாவடிகளையும் ஒரே உத்தரவில் மூடினார்கள். எங்கள் தடுப்புக் கட்டையைக் கழற்றி எடுத்துப் போன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. லாரிகள் நிற்காமல் போயின. சில டிரைவர்கள் பழக்கத்தில் பிரேக் போட்டுவிட்டு, பிறகு எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். எக்ஸ்பிரஸ்கூட அன்று வேகமாகப் போனார்.

சீர்திருத்தம் பலித்தது. அதை நான் மறுக்க மாட்டேன். அதே முட்டைக்கோஸ் ஒரே நாளில் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டக்காரர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, வாங்குகிறவர்களுக்கும் விலை குறைந்தது. என் மாமியார் காய் வாங்கி வந்து, "யாரோ ஒரு புண்ணியவதி எழுதினாளாம், விலை இறங்கிடுச்சு," என்று என் எதிரிலேயே சொன்னார். நான் அப்போது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மொத்தம் அறுநூற்றுப் பதினான்கு பேர். எங்களை 'உபரிப் பட்டியல்' என்று ஒன்றில் போட்டார்கள். மூன்று மாதம் சம்பளம் வந்தது. நான்காம் மாதம் வரவில்லை. மற்ற துறைகளிடம் கேட்டால், "எங்களுக்கே ஆள் அதிகம்," என்றார்கள். நான் ஒரு சிமெண்ட் கிடங்கில் மூட்டைக்குச் சீட்டுப் போடும் வேலைக்குப் போனேன். ஆள் வராத நாளில் மூட்டையும் தூக்க வேண்டும். சீல் அண்ணன் ஒரு ஜெராக்ஸ் கடையில் மிஷின் முன்னால் நின்றார். மிஷினின் வெளிச்சம் முகத்தில் போய் வந்துகொண்டிருக்க அவரை முதல்முறை பார்த்தபோது, நான் கடைக்குள் போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது மேடத்துக்குப் பெயர் வந்துகொண்டிருந்தது. முனைவர் பட்டம், நிறுவனத்திலேயே நிரந்தர வேலை, பத்திரிகையில் புகைப்படம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இரண்டு வருடத்துக்கு அழைத்தது. மாதாமாதம் அண்ணனுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுப்பார். அண்ணன், "எனக்கு வேலை இருக்கும்மா," என்று திருப்பிவிடுவார். அறிக்கை புத்தகமாக அச்சாகி வந்தபோது முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் அண்ணி.

அண்ணி அதிகம் பேசாதவர். அன்று பேசினார். சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாராம்.

"இந்தப் புத்தகம் எத்தனை பக்கம்?"

"இருநூத்தி எழுபது, அண்ணி."

"அதுல எங்களைப் பத்தி எத்தனை வரி?"

மேடம் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"சும்மா சொல்லு. நீதான் எல்லாத்தையும் எண்றவளாச்சே."

"ஒண்ணு."

"அந்த ஒரு வரியிலதான் நாங்க நாலு பேரும் பதினோரு மாசமா குடியிருக்கோம்," என்றார் அண்ணி. "பொண்ணு ஸ்கூல் மாறியாச்சு. இவர் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லாம மறைக்கிறார். விலை குறைஞ்சது நல்லதுதான். நானும்தான் குறைஞ்ச விலைக்கு வாங்கறேன். ஆனா நீ லாரி நின்ன நேரத்தை நிமிஷம் நிமிஷமா எழுதினியே, நாங்க நிக்கிற நேரத்தை யார் எழுதறது?"

அண்ணன் உள்ளேயிருந்து, "விடேன், வந்த பிள்ளைகிட்ட..." என்று இழுத்தார். "நீங்க சும்மா இருங்க," என்று அண்ணி அடக்கிவிட்டார். பிறகு மேடத்துக்குச் சாப்பாடு போட்டார். சாப்பிடாமல் எழுந்திருக்க விடவில்லை. அதுவும் அண்ணிதான்.

மறுநாள் மேடம் தன் நிறுவன இயக்குநரின் அறைக்குப் போய், வேலை இழந்த அறுநூற்றுப் பதினான்கு பேரையும் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுக்கு என்ன ஆனது என்று ஆராயப் போவதாகச் சொன்னார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அது முடிஞ்சுபோன விஷயம். ஜெயிச்ச விஷயமும்கூட. இப்ப போய் ஏன் கிளறணும்? வெளிநாட்டுக்காரங்க கூப்பிடறாங்க, கிளம்புங்க," என்றார். மேடம் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதி மறுத்தார். இயக்குநர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, ஒத்துக்கொள்ளாமலே, வாரத்தில் இரண்டு நாளைக்கு நிறுவனத்து ஜீப்பைக் கொடுத்தார். அந்த ஜீப்புக்காக மேடம் அவரைக் கடைசி வரை விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

ஆட்களைத் தேட ஆட்களைத் தெரிந்தவன் வேண்டும். அதனால் சிமெண்ட் கிடங்குக்கு என்னைத் தேடி வந்தார். நான் தலையிலிருந்து கால்வரை சிமெண்ட் தூசியாக நின்றேன். அடையாளம் தெரியாமல் என்னிடமே என்னைப் பற்றி விசாரித்தார். எனக்கு வந்ததே ஆத்திரம். என்னென்னவோ சொன்னேன். "உங்களுக்குப் பட்டம் கிடைச்சுது, எங்களுக்குப் பட்டினி கிடைச்சுது. இப்ப அதையும் அளக்க வந்துட்டீங்களா? அந்த வாட்ச் எங்க? கொண்டுவரலையா?" இன்னும் எழுதக் கூடாத சிலதும் சொன்னேன். கூட வேலை பார்த்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "நீங்க சொன்னதை எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

"எழுதுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க."

அவர் நிஜமாகவே நோட்டைத் திறந்து எழுதினார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும். எழுதி முடித்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டி, "எதாவது விட்டுட்டேனா?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை கள ஆய்வாளனாக ஜீப்பில் ஏறினேன்.

இரண்டு வருடம் தேடினோம். வீடு மாறியவர்கள், ஊர் மாறியவர்கள், தொழில் மாறியவர்கள். ஒருவர் சவப்பெட்டி செய்யும் கடையில் இருந்தார். "இங்க ஆள்குறைப்பே கிடையாது," என்றார். இன்னொருவர் எங்களைக் கண்டதும் பின்கதவு வழியாக ஓடிவிட்டார், அரசாங்கம் கொடுத்த மூன்று மாதச் சம்பளத்தைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்து. ஐந்நூற்றுத் தொண்ணூற்றோரு பேரைக் கண்டுபிடித்தோம். ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம் அடிபட்டிருந்தார்கள். மாற்று வேலை வரும் வரும் என்று காத்திருந்தவர்களைவிட, வராது என்று முதல் மாதமே தெரிந்துகொண்டவர்கள் நன்றாக இருந்தார்கள்.

ஆறாவது சாவடி இருந்த இடத்தருகே ஒரு வீட்டில் பேசிவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்து நின்றார். அந்தச் சாவடியைப் பதினேழு வருடம் பெருக்கித் துடைத்தவர்.

"எல்லார் வீட்டுக்கும் போறீங்களாம். என் வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

நான் பட்டியலைப் புரட்டினேன். அவர் பெயர் இல்லை. அவர் தினக்கூலி. பெருக்குகிறவர்கள், தண்ணீர் கொண்டுவருகிறவர்கள், கட்டையைத் தூக்கி இறக்குகிறவர்கள் யாருமே எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கு அந்த மூன்று மாதச் சம்பளம்கூட வரவில்லை. எங்கள் சாவடியில் கட்டை தூக்கியவரோடு நான் எட்டு வருடம் ஒன்றாக டீ குடித்திருக்கிறேன். எனக்கே தோன்றவில்லை. மேடம் அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்து, "இப்பவே வந்துட்டோம், சொல்லுங்க," என்றார். மறுபடி முதலிலிருந்து எல்லாச் சாவடிக்கும் போனோம். இன்னும் முப்பத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள்.

இரண்டாவது அறிக்கையை வெளியிட்ட கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். குளிரூட்டிய அரங்கம், முன்வரிசையில் அதிகாரிகள். மேடம் எழுந்து, "சாவடிகளை மூடச் சொல்லி எழுதினது நான்தான். மூடினது சரி. மூடின விதத்துக்கு நான் எழுதினது ஒரே ஒரு வரி, அந்த வரி தப்பு," என்று ஆரம்பித்தார். அரங்கத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. சீர்திருத்தமே பிடிக்காதவர்கள் மறுநாள், 'தவறை ஒப்புக்கொண்டார்' என்று கொண்டாடினார்கள். கூடப் படித்த பொருளாதாரக்காரர்கள், எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிப் பேசுவதை நிறுத்தினார்கள். இயக்குநர் ஓய்வு பெற்றபோது மேடத்துக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலி வேறொருவருக்குப் போனது.

மேடம் வாடிப்போய் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். அண்ணன் சொன்னார்: "ரெண்டு பக்கமும் திட்டறாங்கன்னா நீ நடுவுல சரியா நிக்கிறன்னு அர்த்தம். இல்லன்னா ரெண்டு பக்கமும் தப்பா நிக்கிறன்னு அர்த்தம். எதுன்னு சாப்பிட்டுட்டு யோசிப்போம்." அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான்கு வருடம் அந்த அறிக்கையை யாரும் தொடவில்லை. ஐந்தாம் வருடம் ஒரு பெரிய நூற்பாலையை மூட வேண்டி வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். சாவடி விஷயத்தில் கிளம்பிய கூச்சலை நினைத்து அதிகாரிகள் பயந்தார்கள். தொழில்துறைச் செயலர் மேடத்துக்கு ஃபோன் செய்து, "அந்த ரெண்டாவது ரிப்போர்ட் ஒரு காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார். மேடம் காப்பியைக் கொடுத்து அனுப்பவில்லை, என்னையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனார்.

ஆலை கேட்டைப் பூட்டுவதற்கு ஆறு மாதம் முன்னால் கேட்டுக்கு உள்ளேயே ஒரு மேஜை போட்டோம். ஒப்பந்தக் கூலிகள், கேன்டீன்காரர்கள், பெருக்குகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பட்டியல் எடுத்தோம். யாருக்கு என்ன வயது, என்ன வேலை தெரியும், வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவராகக் கேட்டோம். நஷ்ட ஈடு கையில் கிடைத்த பிறகுதான் வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று மேடம் பிடித்த பிடியை விடவில்லை. முழுக்க வெற்றி என்று சொல்ல மாட்டேன். இருநூறு பேருக்கு மேல் கஷ்டப்பட்டார்கள், அதையும் எழுதினோம். ஆனால் மற்றவர்கள் சொந்தக் காலில் நின்றுவிட்டார்கள். அதற்கப்புறம் எதை மூடினாலும் முதலில் அந்த மாதிரிப் பட்டியல் எடுக்க வேண்டும் என்று அரசாணையே வந்தது.

அந்த ஆணையைக் காட்டித்தான் பழைய சாவடி ஆட்களான நாங்களும் வழக்குப் போட்டோம். தாமதம்தான், ஆனாலும் நஷ்ட ஈடு வந்தது. சீல் அண்ணனுக்கு நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். அங்கே அவருக்கு மறுபடியும் முத்திரைதான். அண்ணனின் பெண் படித்து நர்ஸ் ஆகிவிட்டாள். நெஞ்சு வலியை அவளிடம் மறைக்க முடியவில்லை, வைத்தியம் பார்த்து நன்றாக இருக்கிறார். பதினேழு வருடம் பெருக்கிய அந்தப் பெண்மணி, பணம் வந்ததும் நேராக எங்கள் நிறுவனத்துக்கு வந்து, மேடத்தின் மேஜையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "உங்க ஆபீஸ்ல யாரும் ஒழுங்கா தொடைக்கிறதில்ல," என்று குறை சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க மேடத்துக்குக் கண் கலங்கியிருந்தது.

மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் எழுதிய புத்தகங்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் முன்னுரையிலும் நன்றி சொல்லியிருப்பார். பேராசிரியர்களுக்குச் சொல்வதற்கு முன்னால், வண்டியில் ஏற்றிப் போன டிரைவருக்கு, பிங்க் காகிதத்தைக் காட்டிய அண்ணனுக்கு, சமையலறை வாசலில் நின்று கேள்வி கேட்ட அண்ணிக்கு, கிடங்கில் திட்டியவருக்கு என்று இருக்கும். அந்தக் கடைசி ஆள் நான்தான். என் மனைவி அந்தப் பக்கத்தை வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள். "இவர் திட்டினதை அச்சுல போட்டு நன்றி சொல்லியிருக்காங்க, வீட்ல நான் கேட்டுக்கிறதுக்கு ஒரு நன்றி உண்டா?" என்பாள்.

நானும் மேடத்திடம் நேரில் நன்றி என்று சொன்னதில்லை. என்னைத் தேடி வந்தவர், நான் கத்தியதைக் கேட்டவர், அதற்கப்புறமும் எனக்கு ஒரு நல்ல வேலை கொடுத்தவர். சொல்ல ஆரம்பித்தால், "ரிப்போர்ட்ட முடிச்சிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது இரண்டு பேரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஆனாலும் இந்த வாரம் நகரத்துப் பழைய பேருந்துப் பணிமனையை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மேடம் ஃபோன் செய்தார். "புதன்கிழமை ஃப்ரீயா இருப்பீங்களா?" என்ன, அமைச்சரையா கேட்கிறார்? எனக்கு எல்லா நாளும் ஃப்ரீதான். போனோம். பஸ்களுக்கு நடுவே, எண்ணெய் படிந்த தரையில், யாரோ ஒரு மேஜையும் பெஞ்சும் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு ஒரு வயதான மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நீங்க கவர்மெண்ட்டா?" என்றார்.

"இல்லைங்க."

"யூனியனா?"

"அதுவும் இல்லைங்க. நான் பொருளாதாரம் படிச்சவ. இந்த மாதிரி ஒரு இடத்தை மூடச் சொல்லி முன்னாடி எழுதினவ. அப்ப இவருக்கு வேலை போயிடுச்சு," என்று என்னைக் காட்டினார்.

மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போயுமா கூட வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"இவங்களை விட்டா வேற யார் கேப்பாங்க?" என்றேன்.

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெயரையும் வயதையும் சொன்னார். மேடம் எழுதிக்கொண்டார். டயர் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள். மாலை நான்கு மணிக்குள் இருபத்திரண்டு பெயர் ஆகிவிட்டது. மிச்சப் பேரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.